நல்லம்மாள் அணைத்த சூடம்

காப்பியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

என் பெயர் சன்னாசி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது பாதிச் சனம் ஈப்போவுக்கு வந்துவிட்டது, நானும் வந்தேன். புந்தோங்கில் எங்கள் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், புருஷன் பெண்டாட்டி சண்டை, தூக்கமில்லை, மனசு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு அங்கே உட்கார்ந்து ஆலோசனை சொல்வேன். டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார் எனப் பயந்தவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது, சொல்லுங்கள்.

நல்லம்மாளும் அப்படித்தான் வந்தாள். புருஷன் உடையப்பன் குடித்துவிட்டு அடிப்பான்.

“ராவெல்லாம் தூக்கமில்லண்ணே. இவனக் கட்டிக்கிட்டதுக்குக் கெணத்துல விழுந்திருக்கலாம்” என்றாள்.

வீட்டு விஷயம் வெளியே போனால் நாறிவிடும் அல்லவா? என்னைத் தவிர யாரிடமும் வாய் திறப்பதில்லை, என்னைக் கேட்காமல் வீட்டைவிட்டுப் போவதில்லை என்று முனியாண்டி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அப்புறம் நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

தைப்பூசத்துக்கு உடையப்பன் காவடி எடுத்தான். குடியை விட்டான். அவளும் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டாள். கோயிலில் கண்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஒருத்தி வராவிட்டால் என்ன குறைந்துபோயிற்று என்றுதான் இருந்தேன். ஆனால் காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. உடையப்பனைக் காப்பிக்கடைக்குக் கூப்பிட்டு, அந்தக் கிணற்றுப் பேச்சைச் சொன்னேன். பொய்யில்லை, இன்ஸ்பெக்டர். அவள் வாயால் சொன்னதுதான்.

அந்த வாரமே வந்துவிட்டாள். கன்னம் வீங்கியிருந்தது. மறுபடி வாராவாரம் வந்தாள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து என் காலைப் பிடித்தாள்.

“ஹுத்தான் மெலிந்தாங்ல நவமணி அக்கா இருக்கா. மீன் கம்பெனில கெர்ஜா இருக்காம், வேலைக்கி வந்துருங்குறா. சத்தியத்த எடுத்துவுடுங்கண்ணே. மீறிப் போனா இந்தப் புள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. இங்கயே இருந்தா நா உசுரோட இருக்க மாட்டேன்லா.”

சத்தியத்தை எடுப்பது பெரிய காரியமில்லை. வாங்கினவன் அதே சாமி முன்னால் ஒரு தேங்காய் உடைத்து, ‘விட்டேன்’ என்று சொன்னால் போதும். தேங்காயும் அறையிலேயே இருந்தது.

“அவசரப்படாதம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கலாம்லா” என்று அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, உடையப்பன் செம்பனைக் காட்டில் அடிக்கிற புல்மருந்தை அவள் எடுத்துக் குடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எவ்வளவோ கேட்டும் காரணத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாளாம். கடைசிவரை சத்தியத்தைக் காப்பாற்றினாள், பாவம்.

அடித்தவன் அவன். அவனை உள்ளே தள்ளுங்கள். ஆனால் அடிக்கவைத்தவன் நான், போகவிடாமல் பிடித்துவைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்: என்னிடம் வந்த பிறகு அவள் ஒருநாளும் தனியாக அழுததில்லை.