ஜெனரேட்டர் ஓடுதா?

ஹில்டா: ஜெனரேட்டர் ஓடுதா?

துரை: ஓடுதுக்கா. காதுல வுழல? தாம்பரம் ஸ்டேஷனே அதிருது.

ஹில்டா: நடுவழில நின்னுட்டா?

துரை: நின்னா இன்னொண்ணு கீது. கோவளத்து மீனு பூரா இந்த ஏசி வேகன்லதான் கீது. ஹவுரா போற வரிக்கும் கல்லு மாதிரி கெடக்கும். பாத்துக்கத்தானே நான் கூடவே போறேன். டப்பாவ குடு.

ஹில்டா: மேல வை. மீன் கூடைக்கு அடியில சொருகிடாத.

துரை: மாசா மாசம் வைக்கிறதுதானே...

ஹில்டா: போன தடவை ஹவுரால என் தம்பி என்ன சொன்னான்?

துரை: ஏசுதாசன் அண்ணனா? அத்த ஏன் கேக்கற! எறா தொக்குன்னா இதான்டா தொக்குன்னாரு. டப்பாவ வழிச்சு நக்கிட்டாரு.

ஹில்டா: எறாவையா?

துரை: ஆமாக்கா.

ஹில்டா: அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே எறா ஆகாது. ஒண்ணு தின்னாலே மூஞ்சி வீங்கிடும். வீங்குச்சா?

துரை: ...லைட்டா.

ஹில்டா: துரை!

துரை: நான்தான்க்கா துன்னேன்.

ஹில்டா: தெரியும். அதுக்குத்தான் எறா வச்சேன்.

துரை: மொத வாட்டியே கதவ சாத்திட்டாருக்கா. தூக்கிப் போட மனசு வரல...

ஹில்டா: உப்பு சரியா இருந்துச்சா?

துரை: கரீட்டா இருந்துச்சு.

ஹில்டா: கதவைச் சாத்தும்போது என்ன சொன்னான்?

துரை: வாணாம் வுடுக்கா. சிக்னல் வுழப்போவுது.

ஹில்டா: இன்னும் செவப்புதான். சொல்லு.

துரை: "செத்த மீன ரெண்டு நாளு ஐஸ்ல வச்சு ஊர் ஊரா அனுப்பறாங்க. மழைல பிளேன் இல்ல, ஒரு நாளு பொறுன்னேன். எங்கம்மாவ ஒரு நாளு ஐஸ் பொட்டில வைக்க எங்கக்காவுக்கு மனசு வரல. மொகத்தக்கூட காட்டாம அடக்கம் பண்ணிட்டா"ன்னு...

ஹில்டா: ம்.

துரை: வச்சிருக்கலாமேக்கா. வாடகைக்கே குடுக்கறானே.

ஹில்டா: டப்பாவை ஏத்து.

துரை: இதுலயும் எறாவா?

ஹில்டா: வஞ்சிரம் வறுவல். வாங்கினா அவனுக்கு. இல்லாட்டி நீ சாப்பிடு. ஜெனரேட்டர் மட்டும் நிக்காம பாத்துக்க.

துரை: எப்பப் பாரு ஜெனரேட்டரு, ஜெனரேட்டரு! அது மேல இன்னாக்கா ஒனக்கு அப்டி ஒரு...

ஹில்டா: ஐஸ் பெட்டியிலதான்ப்பா வச்சேன். அந்த மழைல சிட்லபாக்கம் முழுக்கக் கரண்ட் போச்சு. ஜெனரேட்டருக்கு எங்கெங்கயோ அலைஞ்சேன், கெடைக்கல. மறுநாள் மூடியைத் தொறந்தேன்... அந்த மொகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். அவன்கிட்ட சொல்லிடாத. என்னையே திட்டிட்டு இருக்கட்டும்.