புருவத்துத் தழும்பு

சூம் நேர்காணலுக்கு இடுப்புக்கு மேலே மட்டும் எழுத்தாளராக இருந்தால் போதும். மேலே இஸ்திரி போட்ட சேட், கீழே சாரம். பின்னால் தெரிகிற புத்தக அலுமாரியில் பாதிக்கு மேல் கம்பஸ் நூலகத்துக்கு நான் திருப்பிக் கொடுக்காதவை. கனடாவில் இரவு எட்டரை என்றால் எங்கள் நிலாவெளியில் காலை ஆறு. அந்த நேரம் சேவல் ஒத்துழைக்காது. அதை முதல்நாளே பக்கத்து வீட்டு வளவுக்கு அனுப்பிவைத்தேன். நான் எதையும் ஆயத்தம் இல்லாமல் செய்கிறவன் அல்ல. அவசரத்தில் செய்துவிட்டான் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நேர்காணல் என் புத்தகத்துக்காக. புத்தகம் தர்சனைப் பற்றியது. என்னோடு கம்பஸில் படித்தவன். இரண்டு வருசத்துக்கு முதல், லீவில், செத்துப்போன தகப்பனின் வள்ளத்தில் தனியே கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் வந்தது. உடல் கிடைக்காதபடியால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடித்தார்கள். நான் இரண்டுக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

தர்சனின் தாயும் பேச வேண்டும் என்று கனடாக்காரர் கேட்டிருந்தார். முதல்நாள் புஷ்பவதி அன்ரியை என் கதிரையில் இருத்தி ஒத்திகை பார்த்தேன்.

"அம்மா, மகனை நினைக்கும்போது மனதில் என்ன தோன்றுகிறது?" என்று கனடாக் குரலில் கேட்டேன்.

"என்ன தோன்றுறது தம்பி. போயிட்டான். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாச்சு."

"கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ அன்ரி."

"இதைவிட என்னத்தை விரிக்கிறது? உன்ர லைட் கண்ணைக் குத்துது. கெதியா முடி, உடுப்பு அடுக்கக் கிடக்கு."

அவவின் அண்ணன் தவராசா மாமா, அவவை ஈச்சிலம்பற்றுக்குக் கூட்டிப்போய்த் தன்னோடு வைத்திருக்க வந்திருந்தார். அன்ரி நிம்மதியாக இருந்தா. நிம்மதியான தாயை அரை மணித்தியாலம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஆகவே மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "அன்ரி, பதறாதேங்கோ. அந்தமான் பக்கம் கரையில ஒரு பொடியனை எடுத்து வைச்சிருக்காங்களாம். பேச்சில்லையாம். இடது புருவத்தில தழும்பு இருக்காம்."

அந்தத் தழும்பு உண்மை. நான் எறிந்த பந்து பட்டு வந்தது. மற்றதெல்லாம் நான் ஆயத்தம் செய்தது.

அவ தேத்தண்ணியை மெதுவாகக் கீழே வைத்தா. பிறகு கமராவைப் பார்த்து நாற்பது நிமிடம் அழுதழுது பேசினா. தர்சன் மீன் முள்ளுக்குப் பயந்தவன் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கனடாக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்து லண்டன், பிறகு நோர்வே. ஒவ்வொன்றுக்கும் முதல் ஒரு செய்தி தேவைப்பட்டது. பொடியன் கஞ்சி குடிக்கிறானாம். பொடியன் 'அம்மா' என்கிறானாம். நோர்வேயோடு நேர்காணல்கள் முடிந்தன. செய்திகளை நான் நிறுத்தவில்லை.

அன்ரி கட்டிய பெட்டியை அவிழ்த்தா. தர்சனின் படத்து மாலையைக் கழற்றினா. திதி என்று வாய் திறந்த தவராசா மாமாவை, "உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ? வெளிய போ" என்று துரத்தினா. அவர் என்னை வாசல் படலையில் வைத்துப் பிடித்தார்.

"டேய், ஒரு புத்தகத்துக்காகப் பெத்தவளை இப்பிடிச் செய்வியா?"

"ஓம் மாமா," என்றேன். "புத்தகத்துக்காகத்தான்."

அதையே இங்கேயும் ஒப்புக்கொள்கிறேன். வேறு காரணம் இல்லை.

இப்போது அன்ரி ஒவ்வொரு காலையும் கடற்கரையில் போய் இருக்கிறா. தனியே விட ஏலாது என்பதால் நானும் போகிறேன். நேற்று, தெரியாத வள்ளமொன்று கரைக்கு வந்தது. முன்பக்க அணியத்தில் ஒருவன் நின்றான். அன்ரி மணலில் இருந்தபடியே நெற்றியில் கையை வைத்துப் பார்த்தா. நான் அதற்குள் சாரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன், அவனுடைய புருவம் தெரிகிற தூரத்துக்கு வள்ளம் வரட்டும் என்று.