வயிறு நிறைக்கும் கரைசல்

வாழைப்பழத்தைக் கரண்டியால் மசித்தால் கட்டி கட்டியாக நிற்கும், ஐயா. கையைக் கழுவிப்போட்டு விரல்களால்தான் மசிக்க வேண்டும். அதுவும் இதரைப்பழமாக, தோல் கறுக்கத் தொடங்கியதாக இருக்க வேண்டும். தங்கச்சிக்கு என்ன கொடுத்தாய் என்றுதானே முதலில் கேட்டீர்கள், ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் எழுத்தர் ஆறுதலாக எழுதட்டும். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவேன்.

குரக்கன் மாவை ஆட்டுப்பாலில் கரைத்துக் கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். சுடச்சுடப் பழத்தைச் சேர்த்தால் புளித்துப்போகும். பிறகு வறுத்துத் திரித்த பயற்றம்மா. பிறகு எள்ளு, அதை அம்மியில் எண்ணெய் கக்கும்வரை அரைக்க வேண்டும். இனிப்புக்குப் பனங்கட்டி. வாய்வு பிடிக்காமல் இருக்கச் சுக்குத்தூள் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் மத்தால் கடைந்து வெள்ளைத் துணியில் வடித்தால் தொண்டையில் ஒன்றும் தட்டாது.

பாலும் பழமும் மட்டும் என்றால் கொஞ்ச நேரத்தில் வயிறு திரும்பக் கேட்கும். மா மட்டும் என்றால் வயிறு இறுகும். குரக்கன் நின்று பிடிக்கும், பயறு தசையைக் காக்கும், எள்ளு உடம்புக்கு நெய் கொடுக்கும். இவை அளவாகச் சேர்ந்தால் ஒரு செம்பு கரைசல் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஈடு. குடித்தவருக்குச் சோற்று நினைவே வராது.

இதை நான் மலாயாவில் பழகினேன். றப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தேன். மரம் முறிந்து விழுந்து தாடை உடைந்த ஒரு கூலியாளை என் பொறுப்பில் விட்டார்கள். வாயைத் திறக்க விடாதே, பட்டினியும் போடாதே என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே கிடைத்ததைக் கொண்டு கரைத்துக் கரைத்துப் பார்த்து, எது நிற்கும், எது நிற்காது என்று கண்டுபிடித்தேன். அந்த மனிதன் தாடை பொருந்தித் தன் காலால் நடந்து லயத்து வீட்டுக்குப் போனான். போகும்போது என்னைக் கும்பிட்டான். என்னை அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் கும்பிட்டதில்லை.

றப்பர் விலை விழுந்து அந்த ஆஸ்பத்திரியை மூடினார்கள். நான் எங்கள் ஊரான கோப்பாய்க்குத் திரும்பி வந்தேன். அம்மா அதற்குமுன்பே போய்ச்சேர்ந்துவிட்டா. வீட்டில் தங்கச்சி ஞானாம்பிகை தனியாக இருந்தாள். நான் கப்பலேறும்போது பாவாடை கட்டிக்கொண்டு நின்ற பிள்ளை, இப்போது என்னை நிமிர்ந்து பார்த்துக் கதைத்தாள். வீடும் தோட்டமும் கிணறும் அம்மாவின் சீதனம். எங்கள் தேசவழமைப்படி அது மகளுக்குத்தான் போகும். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை.

வந்து கொஞ்ச நாளில் அவளே விஷயத்தைச் சொன்னாள். பஞ்சலிங்கம் என்றொருவன், யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு பஸ் ஓட்டுகிறவன். அவனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். அவன் குணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடிப்பதில்லை, வாய்காட்டுவதில்லை. அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, அவ்வளவுதான். நான் ஏலாது என்றேன்.

"ஏனண்ணை ஏலாது? அவரின்ரை பஸ்ஸிலை ஏறிப் பட்டணத்துக்குப் போறியள். அப்ப மட்டும் ஏலுமோ?"

"பஸ் வேறை, பந்தி வேறை, பிள்ளை."

"அப்ப கேளுங்கோ. நீங்கள் ஓம் எண்டு சொல்லுறவரைக்கும் நான் இந்த வீட்டிலை ஒரு பருக்கை சோத்திலை கை வைக்க மாட்டன். அம்மாவாணை."

எங்கள் பகுதியில் செத்த தாயின்மேல் ஆணையிட்டால் அதை ஒருவரும் லேசாக எடுப்பதில்லை. சும்மா கோபத்தில் சொன்னது என்று பிறகு மழுப்ப முடியாது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டது அவள். அதை எழுதிக்கொள்ளுங்கள். வெளிக்கொண்டியில் நான் பூட்டுப் போட்டது பிறகுதான்.

இரண்டு மூன்று நாள் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்தாள். அப்படியே விட்டால் ஒன்று அவள் சாவாள், அல்லது நான் ஓம் சொல்ல வேண்டிவரும். இரண்டையும் நான் விரும்பவில்லை. அப்போதுதான் மலாயாக்காரனின் தாடை நினைவுக்கு வந்தது. கரைசலை எடுத்துக்கொண்டு போய் யன்னலடியில் வைத்தேன்.

"இது சோறில்லை, பிள்ளை. பாலும் பழமும். கந்தசஷ்டி பிடிக்கிற சனமும் உதைக் குடிச்சுப்போட்டு விரதமெண்டுதான் சொல்லுது. உன்ரை ஆணை முறியாது."

அவள் செம்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நீங்கள் டிரெசராப் போகாமல் கோட்டிலை வாதாடுற பிறக்டர் வேலைக்குப் போயிருந்தால் இண்டைக்கு எங்களுக்கு மாடிவீடு, அண்ணை."

வாங்கிக் குடித்தாள். உதட்டில் ஒட்டியதையும் நக்கிக்கொண்டு, எள்ளுக் கூட என்றாள். அடுத்த நாள் எள்ளைக் குறைத்தேன். நாங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பட்சமாக இருந்தது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன். காலையிலும் மாலையிலும் செம்பு போகும், வெறுமையாக வரும். அவள் ஆணையும் கெடவில்லை, என் சொல்லும் கெடவில்லை.

பக்கத்து வளவுப் பூரணம் அக்கா வேலிப்பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி விசாரிப்பா. தங்கச்சி முருகனுக்கு நேர்த்தி வைத்துச் சோறு விட்டிருக்கிறாள் என்றேன். ஆணை என்று சொன்னால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். நேர்த்தி என்றால் வராது.

"உவளோ? போன வருஷம் திருவிழாவிலை மோதகத்துக்குச் சண்டை பிடிச்சவள் உவள். உவளுக்கென்ன திடீரெண்டு பக்தி?"

"வயசு வந்தால் வாறதுதானே, அக்கா."

"எனக்கும்தான் வயசு வந்திட்டுது. ஒரு நேரம் சோறில்லாட்டில் வீட்டுக்காரனைக் கடிச்சுப்போடுவன். கொஞ்சம் விபூதி வாங்கித் தாரும் தம்பி அவளின்ரை கையாலை. என்ரை பெடிச்சிக்குக் காய்ச்சல்."

யன்னலுக்குள்ளால் வாங்கிக் கொடுத்தேன். பெடிச்சிக்குக் காய்ச்சல் விட்டது. அதன் பிறகு ஊரார் செம்பருத்தியும் கற்பூரமும் கொண்டுவந்து படலையடியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். விரதக்காரியைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று உள்ளே ஒருவரும் வருவதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

பஞ்சலிங்கம் வந்தான். படலைக்கு வெளியேதான் நின்றான்.

"அண்ணை, ஒருக்கால் அவவோடை கதைச்சுப்போட்டுப் போறன். நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ. அவ வேண்டாமெண்டால் நான் இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்க மாட்டன்."

"நேர்த்தியே உன்னை மறக்கத்தான் தம்பி. அவளைப் பாவத்திலை விழுத்தாதை."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அன்றைக்குத்தான் வெளிக்கொண்டியில் பூட்டைப் போட்டேன். ஆனால் பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பைக் கடக்கும்போது கோணை அமத்தி ஊதுவான். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவாள். ஒழுங்கை முகப்புவரை அது கேட்காது. பிறகு கதவை இழுப்பாள். ஒரு முறை கொண்டி வளைந்துவிட்டது. சோறு தின்னாத ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அது என் கரைசலின் பலம். அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

ஆகவே அளவை மாற்றினேன். பயற்றம்மாவை முதலில் குறைத்தேன். பிறகு எள்ளை. ஆட்டுப்பாலுக்குத் தண்ணீர் சேர்த்தேன். குரக்கனை நிறுத்திவிட்டுக் கூவைமா காய்ச்சினேன். கூவைமா நல்ல வழவழப்பாகத் திரளும். பார்த்தால் முன்னையதைவிடத் தடிப்பாக இருக்கும். அதைக் குடித்தால் வயிறு நிறையும். கைகாலுக்கு மட்டும் ஒன்றும் போய்ச்சேராது. நிறைவாக இருந்துகொண்டே ஒருவர் மெலியலாம் என்பது ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பனங்கட்டியை மட்டும் நான் குறைக்கவில்லை. இனிப்பு மாறினால் கண்டுபிடித்துவிடுவாள்.

கோண் சத்தம் கேட்டாலும் அவள் எழும்பாத நாள் வந்தது. அதற்குச் சற்றுப் பிறகு பஞ்சலிங்கம் வேறு வழியில் ஓடப் போய்விட்டான் என்று சொன்னார்கள். நான் சமைப்பேன், முற்றத்தைக் கூட்டுவேன், தோட்டத்துக்கு இறைப்பேன். மத்தியானம் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடுவேன். வீடு அமைதியாக இருந்தது. சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. கவலையும் இல்லை. அம்மா இருந்த காலத்தில்கூட எனக்கென்று அந்த வீட்டில் ஒரு வேலை இருந்ததில்லை.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுவரில் தட்டினாள். யன்னலடிக்குப் போனேன். நிலத்தில் இருந்தபடியே கதைத்தாள். அவளால் நிற்க முடியவில்லை.

"அண்ணை, நான் தோத்துப்போனன். அவர் வேண்டாம். ஒருத்தரும் வேண்டாம். வீட்டையும் நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு ஒரு பிடி சோறு தாங்கோ."

கை கழுவாமல் நின்றதால் என் விரல்களில் குழம்பு காய்ந்திருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவாணை எண்டு சொன்னனீ, பிள்ளை. நான் ஓம் எண்டு சொல்லுறவரைக்கும் எண்டு. நான் இன்னும் ஓம் சொல்லேல்லையே."

"அப்ப சொல்லுங்கோவன். பொய்க்கெண்டாலும் ஒருக்கால் சொல்லுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் போக மாட்டன். சோத்துக்காகச் சொல்லுங்கோ."

நான் பொய் சொல்லுகிறவன் அல்லன், ஐயா. பூரணம் அக்காவிடம் நேர்த்தி என்று சொன்னது வேறு. அது ஒருவரையும் கெடுக்காத சொல். இது செத்த தாயின்மேல் இட்ட ஆணை. நான் வாயால் ஓம் சொல்லி மனதால் இல்லை என்று வைத்திருந்தால், அவள் தின்னும் ஒவ்வொரு பருக்கையும் அம்மாவுக்குச் செய்யும் துரோகம். அதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் அழவில்லை. பழஞ்சோறு என்றாலும் காணும் என்றாள். நான் கரைசலைக் கொண்டுவந்து வைத்தேன். அன்றைக்குப் பனங்கட்டி கொஞ்சம் கூடப் போட்டேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவள் விளங்கிக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். செம்பைத் தூக்க முடியாமல் போனபோது நானே பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் சங்கினால் பருக்கினேன். குழந்தைக்குப் பருக்குவதுபோல மடியில் தலையை வைத்துத்தான் பருக்கினேன். அவளும் விழுங்கினாள். ஒரு நாள் கடைவாயால் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பருக்கினேன். மறுபடியும் வழிந்தது. உடம்பு ஆறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

குளிப்பாட்ட வந்த பூரணம் அக்கா, சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தா. எல்லாவற்றுக்கும் கதை வைத்திருக்கிற மனுஷி, அன்றைக்கு வாய் திறக்காமல் போய் முற்றத்தில் குந்தினா. அதோடு முடிந்திருக்கும், ஐயா. விரதம் இருந்து போய்ச்சேர்ந்தவள் என்று ஊர் கும்பிட்டு அனுப்பியிருக்கும். வாய்க்கரிசிக்குத்தான் பிரச்சினை வந்தது. பெண்கள் அரிசியை அள்ளிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். சகோதரன், முதலில் நீர் போடும் என்றார்கள். நான் போடவில்லை. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். துக்கத்தில் செய்கிறான் என்று என் கையை விலக்கப் பார்த்தார்கள். ஒருவரையும் போட விடவில்லை. அப்போதுதான் பூரணம் அக்கா எழுந்து போய் ஊர்த் தலைவர் விதானையாரைக் கூட்டிக்கொண்டு வந்தா.

நீங்கள் கேட்டவற்றுக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்லுகிறேன். ஓம், வெளியே பூட்டுப் போட்டது நான். பஞ்சலிங்கத்தைத் திருப்பி அனுப்பியது நான். கரைசலில் இருந்த சத்தைத் தெரிந்துகொண்டே எடுத்தது நான். அவள் சோறு கேட்டாள், வீட்டில் சோறு இருந்தது, நான் கொடுக்கவில்லை. பட்டினிச்சாவு என்று டொக்டர் எழுதியிருப்பதாகச் சொல்லுகிறீர்கள். அவர் படித்தவர், நான் வாதாடவில்லை. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது அது வெறுமையாக இருந்ததா என்று மட்டும் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

பிரேதத்தைத் திருப்பிக் கொடுத்தபிறகு ஊரார் கொள்ளிவைத்ததாக நேற்றுச் சொன்னீர்கள். அரிசி போட்டுத்தான் அனுப்பினார்கள் என்றும் சொன்னீர்கள். நான் இங்கே இருந்தேன், தடுக்க வழியில்லை. இவ்வளவு நாளும் அவளுடைய ஆணையை முறியாமல் காத்தவன் நான் ஒருவன்தான், ஐயா. கையெழுத்து வைக்கமுதல் அதையும் எழுதச் சொல்லுங்கள்.