முதல் ஸ்லைடும் கடைசி ஸ்லைடும்

இத்தனை காலம் வாய் மூடி இருந்தது போதும் என்று முடிவெடுத்துத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சிறுதொழில் சங்கத் தலைவர் திரு. மணவாளன் அவர்களே, அம்பத்தூர் எஸ்டேட்டை வியர்வை வார்த்து வளர்த்த மூத்தோர்களே, ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சிறந்த பாதுகாப்புப் பயிற்சி ஸ்லைடுகளுக்கான கேடயத்தைச் சற்றுமுன் பெற்ற அருமை நண்பர் தினகரன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். என்னை நன்றியுரை சொல்லத்தான் அழைத்தீர்கள். ஆண்டுதோறும் நன்றியுரைக்கு மட்டுமே நினைவுக்கு வருகிறவன் நான். இன்று அந்த நன்றி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பரிசு பெற்ற ஸ்லைடுகள் இப்போதுதான் திரையில் ஓடின. ரப்பரை நசுக்கும் இரட்டை உருளை இயந்திரம். இடப்பக்கத் தூணில் சிவப்புப் பொத்தான். கை சிக்கினால் இதை அழுத்து என்று ஒரே வரி. பின்னால் ஜன்னல் கம்பியில் ஒரு நீலக் குடை தொங்கியதே, கவனித்தீர்களா? அந்தக் குடை என்னுடையது.

"குடைய வாங்கிக்கினு போவத்தான் வந்தியா அண்ணாத்தே?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். இல்லை தம்பி. குடை வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இல்லாதது வேறு.

அந்த இயந்திரம், பக்கத்துப் பாடிப் பகுதியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இருக்கிறது. படம் எடுத்தது நான். ஸ்லைடு பகிரும் தளத்தில் ஏற்றியதும் நான். அந்தத் தளத்தைக் குறை சொல்வேனா? மாட்டேன். என் பழைய ஸ்லைடில் நாற்பது வரிகள் எறும்புபோல் ஊரும், ஒருவரும் படித்ததில்லை. முகம் தெரியாத யாரோ அங்கே ஏற்றியதைப் பார்த்துத்தான் ஒரு படம், ஒரு வரி போதும் என்று கற்றேன். பத்துப் பேருடையதைத் திற. இவர் ஏன் இதை முதலில் வைத்தார் என்று யோசி. பிறகு மூடிவிட்டு உன் பட்டறைக்குப் போ. அதற்குத்தான் தளம். அதனால்தான் என் கடைசி ஸ்லைடில் எழுதியிருந்தேன்: 'இது எங்கள் இயந்திரம். உங்கள் இயந்திரத்தைப் படமெடுத்து வையுங்கள்.'

நம் வழக்கம் என்ன? தினகரன் செய்ததுதான்: அடுத்தவர் ஸ்லைடுகளை அப்படியே இறக்கி, முதல் ஸ்லைடில் பெயரை மாற்றுவோம். கடைசி ஸ்லைடில் இருந்ததை அழித்து, ரோஜாப்பூ போட்டு நன்றி என்று எழுதுவோம். நடுவில் இருப்பதை யார் பார்த்தார்? மேனேஜர் பார்த்தாரா? முதலாளி பார்த்தாரா? பரிசுக்குத் தேர்ந்தெடுத்த குழு பார்த்ததா?

பார்த்தவர் ஒருவர் உண்டு. வெள்ளானூரிலிருந்து வேலைக்கு வந்த சாமுண்டீஸ்வரி. அதோ, மூன்றாவது வரிசையில், வலக்கையை முந்தானைக்குள் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். தினகரன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஸ்லைடுகளை நம்பிப் பார்த்தார். அங்கே பொத்தான் வலப்பக்கத் தூணில் இருக்கிறது. உருளை வலக்கையை இழுத்தபோது, இடக்கையை எந்தப் பக்கம் நீட்டியிருப்பார்?

ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "படத்துல இந்தாண்டதான சார் இருந்துச்சு. தடவிகினே இருந்தேன், வெறும் இரும்புதான் கைக்கு வந்துச்சு. எதிர் மிஷின் பேபி அக்கா ஓடியாந்து அமுக்கினாங்க. அதுக்குள்ள மூணு வெரலு பூட்ச்சு சார்."

தினகரனிடம் போனேன். "அந்தம்மா பதட்டத்துல தடுமாறிடுச்சு மச்சான். அதுக்கு ஸ்லைடு இன்னா பண்ணும்?" என்றார். தலைவரிடம் போனேன். "விழா முடியட்டும், பாத்துக்கலாம்," என்றார். விழா முடியப்போகிறது. திங்கட்கிழமை அதே கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்கள் உட்கார்ந்து பார்க்கப்போவதும் இதே படம், இதே இடப்பக்கம், இதே குடை.

நான் கத்தினால் மாறுமா? கதறினால் மாறுமா? அந்தக் கேடயத்தைப் பிடுங்கிக் கீழே போட்டால்தான் மாறுமா? மூன்று விரல் போயும் மாறாத படம், என் மூன்று நிமிடப் பேச்சிலா மாறும்? கோபத்தோடுதான் மேடை ஏறினேன். இங்கிருந்து உங்கள் முகங்களைப் பார்த்தபின் அதுவும் வடிந்துவிட்டது. பாதிப்பேர் போனைப் பார்க்கிறீர்கள். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

முடித்துவிடுகிறேன் ஐயா. காத்திருந்த நன்றி இதோ: இடம் தந்த சங்கத்துக்கு நன்றி. இருந்து கேட்ட சிலருக்கு நன்றி. சாமுண்டீஸ்வரி அம்மா, உங்களுக்கு மட்டும் தலை தாழ்ந்த வணக்கம்.

இந்தப் பேச்சை ஸ்லைடுகளாக்கி இன்றே அதே தளத்தில் ஏற்றுகிறேன். முதல் ஸ்லைடில் படம் இருக்காது, உங்கள் இயந்திரத்தின் படத்துக்கான வெறும் கட்டம்தான். கீழே ஒரு வரி: 'உங்கள் பொத்தான் எந்தப் பக்கம்?' என் பெயரை எங்கும் போடப்போவதில்லை. பெயர் இருந்தால், அதை அழித்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்துபோய்விடுவீர்கள்.