இலை தின்னும் மீனுக்கு எதற்குத் துணை

காபி நன்றாக இருக்கிறது, மேடம். விசாரணை நடக்கிற இடத்தில் கழுநீரைத்தான் காய்ச்சிக் கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். இது என் வீட்டுக் காபியைவிடத் தேவலை.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு மேற்பார்வையாளன். ஊரில் உள்ளவர்கள் திட்டுவதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "உங்கள் சிரமம் புரிகிறது" என்று சொல்வதற்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் வீட்டிலாவது கொஞ்சம் அமைதியை எதிர்பார்ப்பது குற்றமென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு இரண்டு அக்கா, ஒரு தங்கை. நால்வரும் கூடினால் வீடு இரண்டுபடும். ஒருத்தி கேள்வியை முடிப்பதற்குள் இன்னொருத்தி பதில் சொல்லி, மூன்றாமவள் அதற்குச் சிரித்தும் முடித்திருப்பாள். தங்கையோடு மட்டும் இவளுக்குத் தினமும் சண்டை. எப்போதோ சின்ன வயதில் தொலைத்த வளையலுக்கு இப்போது வழக்கு நடக்கும். சாயங்காலம் போனில் சமாதானம் ஆகிவிடும், மறுநாள் மறுபடி ஆரம்பிக்க வேண்டுமல்லவா.

எங்கள் கல்யாண நாளுக்கு அந்த மூவரும் ஒரு மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் வாய்கள் போதவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. சில்வர் டாலர் என்று ஒரு ஜாதி மீன். தட்டையாக, வட்டமாக, உள்ளங்கை அகலத்தில் மினுமினுவென்று இருக்கும். கீரையும் வெள்ளரித் துண்டும்தான் ஆகாரம். தொட்டியில் அழகுக்கு நட்ட செடிகளை வந்த வேகத்தில் மொட்டையடித்துவிட்டன. மற்றபடி பரம சாது.

தொட்டிக்கு மூடி வாங்கப் போனபோது மீன் கடைக்காரர் எனக்கு உபதேசம் செய்தார். "இது கூட்டமா வாழுற மீன் சார். கூட நாலஞ்சு இருந்தாத்தான் தைரியமா திரியும். ஒத்தையா விட்டீங்கன்னா மூலையில ஒண்டிக்கும், தின்னாது."

"இலை திங்கிற மீனுக்கு எதுக்குங்க துணை? கீரைக்கட்டு திருப்பியா கடிக்கப்போகுது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்ச்சி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

என் மனைவி என்னோடு பேசியதைவிட அவற்றோடு அதிகம் பேசினாள். நான் பொறாமைப்படவில்லை. மீனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஒரு மீனை வாளியில் எடுத்துப்போய் அலுவலகத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, செத்துவிட்டது என்று சொன்னேன். அழுதாள். அடுத்தடுத்த மீன்களுக்கு ஆள் தேடுவது வீண் அலைச்சல். எங்கள் கழிவறையில் தண்ணீர் நல்ல வேகமாக வரும்.

அக்காக்கள் விஷயத்திலும் நான் யாரையும் வராதே என்று சொன்னதில்லை, கேட்டுப் பாருங்கள். மூத்தவரிடம், "அவ கொஞ்ச நாள் ஓய்வா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. அடுத்தவரிடம், "உங்க பசங்க வந்துட்டுப் போனா அவளுக்குத் தலைவலி. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. மானஸ்தர், அதன்பின் வாசல் மிதிக்கவில்லை.

தொட்டியில் ஒரே ஒரு மீன் மிஞ்சியது. கடைக்காரர் சொன்னபடியே அது மோட்டாருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கீரையைத் தொடாமல் கிடந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தொட்டியோடு ஒட்டி நிறுத்தினேன். மீன் மெல்ல வெளியே வந்து தன் பிம்பத்தின் பக்கத்திலேயே நின்றது. கீரையும் கடித்தது. துணை வேண்டியதில்லை, துணை மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ரிப்பேர் என்று சொல்லி மனைவியின் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். தங்கை கூப்பிட்டால் எடுக்காமல், போனில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று எழுதிவிட்டு, அவள் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் மனைவியின் பெயரில் நானே பதில் எழுதினேன். நல்லா இருக்கேன், நீயும் உடம்பைப் பாத்துக்கோ, உன்னை நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன். புகார்ப் பிரிவில் பழகிய கை அல்லவா.

"என் தங்கச்சி ஏதாவது அனுப்பினாளா?" என்று இவள் தினமும் கேட்பாள்.

"இல்லம்மா. அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

"அவ அப்படி இருக்க மாட்டாளே."

"மனுஷங்க மாறுவாங்கம்மா."

வேலைக்குப் போகும்போது வாசலை வெளியே பூட்டினேன். திருட்டுப் பயம். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள் என்று தெரிந்ததும் ஜன்னலுக்குப் பலகை அடித்து, அவளை உள்ளறையில் வைத்து அதையும் பூட்டினேன். மூடி போடாவிட்டால் இந்த மீன்கள் எகிறித் தரையில் விழுந்து சாகும். மூடி போடுகிறவனை யாரும் கொடுமைக்காரன் என்பதில்லை.

கொஞ்ச நாளில் அவள் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். "ஒரே ஒரு தரம் அவ குரலக் கேக்கணுங்க" என்றாள். பாவமாக இருந்தது. கடைக்குப் போய் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து அவள் அறையில் மாட்டினேன். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். நான் நேராக மாட்டினேன். மறுபடி திருப்பினாள், மறுபடி மாட்டினேன். ஒரு அதட்டல் கிடையாது. அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று உங்கள் டாக்டரே எழுதியிருப்பார். எலும்பும் தோலுமாக இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாராம். வேளாவேளைக்குத் தட்டு வைத்தவன் அதற்கு என்ன செய்வான்?

மீன் இடையில் எப்போதோ செத்துவிட்டது. கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்ததால் நான் கவனிக்கவில்லை.

தங்கைதான் உங்களையும் பூட்டு உடைக்கும் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எப்படித் தெரிந்தது என்று அவளையே கேட்டேன்.

"ரெண்டு மாசமா எங்க அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. உசுரோட நல்லா இருக்கறவ என்னைத் திட்டாம இருக்க மாட்டா" என்றாள்.

நான் செய்த தப்பு அதுதான். அத்தனை அன்பாக எழுதியிருக்கக் கூடாது.

ஆமாம், பூட்டியது நான்தான். போனில் எழுதியதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் அந்த மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களாம், தங்கை கையால் இரண்டு வாய் சாப்பிட்டாளாம். மூவரையும் ஒரேயடியாக உள்ளே விட்டிருக்கிறார்கள், நோயாளிக்கு அமைதி வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

எழுந்துவிட்டீர்களா, மேடம்? இன்னும் கொஞ்சம் இருங்களேன். நேற்றிலிருந்து அந்த அறையில் சுவரைத் தவிர எனக்குப் பேச்சுத் துணை இல்லை. சோறு வைக்கிறவர்கூடப் பதில் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார், எனக்குச் சோறே இறங்கவில்லை. ஒரு மனுஷனை இப்படித் தனியாகப் போட்டு அடைக்க உங்களுக்கெல்லாம் எப்படித்தான் மனசு வருகிறதோ.