ஜன்னல் இல்லாத கடை

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே முக்கில் எழும்பும் நாலு மாடி ஜவுளிக்கடையைப் பற்றி ஊரே சண்டை போட்டது. என் முன்சீட்டுப் பெண்கள் இருவரும் விடவில்லை. ஜன்னலோரம் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

"மலைக்கோட்டையையே மறைச்சுட்டான். ஒரு ஜன்னலாவது இருக்கா பாருங்க."

மடியில் கூடை வைத்திருந்தவள் கடைக் கட்சி. "முழுக்க ஏ.சி.ங்க. ஜன்னல் எதுக்கு? மெட்ராஸ்ல இப்படித்தான் கட்டுறாங்களாம்."

"அது கிடக்கட்டும். திருஷ்டி பொம்மை ஏன் ரோட்டுக்கு முதுகைக் காட்டுது?"

நானும் எட்டிப் பார்த்தேன். மேல்மாடிச் சாரத்தில் கட்டிய வைக்கோல் பொம்மை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்துல திரும்பியிருக்கும்" என்றாள் கூடைக்காரி.

"எங்க வீட்டுக்காரர் அங்கதான் பெயின்ட் அடிக்கிறார். தினம் காலையில ரோட்டைப் பாத்துத் திருப்பிக் கட்டுறாங்களாம். சாப்பிட்டுட்டு வந்தா மறுபடி உள்ளே பாக்குதாம். கண்ணு வர்ற பக்கத்தைப் பாக்கத்தானே பொம்மை கட்டுறது?"

பஸ் நகர்ந்தது. கூடைக்காரி கழுத்தைத் திருப்பி, கட்டடம் மறையும்வரை பார்த்தாள்.

"என் பொண்ணுக்கு அங்க வேலை கிடைச்சிருக்குங்க. துணி அடுக்கணும்னு இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க. இப்போ உள்ளேதான் இருக்கா."