சென்னிமலை போர்த்திக்கொண்ட கோடி

எரிகிற அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொன்னால் என் நாக்கு வெந்து போகட்டும். யாக்கோபு, வேண்டுமானால் உன் வேதப் புத்தகத்தைக் கொண்டுவா, அதன் மேலும் கை வைக்கிறேன். நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூட என் சொந்தச் சரக்கு இல்லை. என் சிநேகிதன் ரத்தினசாமிக்குப் பெரியப்பா மகன் ஒருவன், பெயர் சென்னிமலை. இது அவனுக்கு நேர்ந்தது. அவன் ரத்தினசாமியிடம் சொன்னான், ரத்தினசாமி என்னிடம் சொன்னான். நடுவில் நான் உப்பு, காரம் எதுவும் சேர்க்கவில்லை.

கதவைச் சாத்துங்கள். ஏலக்காய் காய விடியும்வரை அடுப்பு எரிந்தாக வேண்டும், நாமும் முழித்திருந்தாக வேண்டும். புஷ்பமேரி, நீ மட்டும் வாசல் பக்கம் உட்காராதே. ஏன் என்று கேட்காதே.

"ஆரம்பிச்சிட்டாரு," என்றான் யாக்கோபு, அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு. "போன தடவ சொன்ன கதையில ஆனை பேசிச்சு."

"அது படிச்ச ஆனைப்பா," என்றேன்.

சரி. கேளுங்கள்.

ராத்திரி பதினோரு மணி. எழுபத்தாறாம் வருஷம், மார்கழி மாதம். பம்பாய் விமான நிலையம்.

சரக்குக் கொட்டகையிலிருந்து பயணிகள் மண்டபத்துக்கு ஒரே சாலை. ஒரு பக்கம் நீளமான சுவர். இன்னொரு பக்கம் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் விமானம் ஓடுகிற இருட்டு. விளக்குக் கம்பங்களில் பாதி எரியவில்லை. காற்றில் மண்ணெண்ணெய் நாற்றம், அதற்குள்ளே எங்கிருந்தோ கருவாட்டு நாற்றம். அந்தச் சாலையில் சென்னிமலை தனியாக நடந்து வருகிறான். தோளில் ஒரு துணிப்பை. காலில் புதுச் செருப்பு... கிறீச்... கிறீச்...

அவன் எதற்கு அங்கே போனான்?

அவன் ஊரான நல்லேப்பிள்ளியில் சென்னிமலை என்றால் சாமானியப்பட்ட ஆள் இல்லை. இரண்டு போகம் விளைகிற வயல் உண்டு. கோயில் நோம்பித் திருவிழாவில் அவன் வந்த பிறகுதான் தட்டு எடுப்பார்கள். தங்கை மருதாத்தாளைக் காளிச்சாமி என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். காளிச்சாமிக்குக் கிணறு வற்றியது. தென்னை கருகியது. ஒருநாள் அவன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டான், கட்டட வேலையில் சிமெண்டு சுமக்க.

தங்கை புருஷன் கூலிக்குப் போனது சென்னிமலைக்குத் தலையிறக்கம். கேட்டவர்களிடமெல்லாம், "எங்க மாப்ள அங்கெ மேனேசருங்க" என்று சொல்லி வைத்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பழகிவிட்டது.

மேனேஜர் சாரத்திலிருந்து விழுந்து செத்தார்.

தந்தி வந்தது. பெட்டி பம்பாய் வரை வரும், ஆள் வந்து எடுத்துப்போக வேண்டும். சென்னிமலை வாழ்நாளில் முதல் தடவையாகக் கோயமுத்தூரில் விமானம் ஏறினான். கிளம்பும்போது மருதாத்தாள் அழவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா... ஊடு வந்து சேர்ற வரைக்கும் அவரத் தனியா உட்றாதீங்க."

எங்கள் பக்கத்தில் பிணத்தை ஓர் இரவு தனியாக விடமாட்டார்கள். பக்கத்தில் ஓர் ஆள் முழித்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. செத்தவனுக்குப் பெண் கொடுத்த வீட்டிலிருந்து மச்சான்தான் கோடி கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி என்றால் புது வேட்டி. தண்ணீரில் நனையாதது, யார் உடம்பிலும் படாதது, முனையில் மஞ்சள் தடவினது. அதைச் சென்னிமலை பைக்குள் வைத்திருந்தான். பெட்டி கைக்கு வந்ததும் மேலே போட்டுவிடலாம் என்று நினைத்தான்.

பெட்டி வந்தது. ஆணி அடித்த பலகைப் பெட்டி. கோயமுத்தூர் விமானம் காலையில்தான். அதுவரை சரக்குக் கொட்டகையில் இருக்கட்டும் என்றார்கள். கொட்டகைக் காவல்காரன் சென்னிமலையை வெளியே போகச் சொன்னான். சென்னிமலைக்கு இந்தி தெரியாது. காவல்காரனுக்கு நல்லேப்பிள்ளி தெரியாது. ஆனாலும் அவன் நல்ல மனுஷன். கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைக் காட்டினான். வேண்டுமென்றால் இதில் உட்கார்ந்துகொள் என்று கையால் சொன்னான்.

சென்னிமலை முக்காலியைப் பார்த்தான். வருகிற போகிற கூலிக்காரர்களைப் பார்த்தான். அவர்கள் அவனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிணத்துக்குக் காவல் இருப்பவன் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது...

அவன் உட்காரவில்லை. நடந்துவிட்டான்.

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தான். கிறீச்... கிறீச்... கொஞ்ச தூரம் போனதும், அவன் செருப்புச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். தப்... தப்... வெறுங்கால். ஈரச் சாந்தில் மிதித்த கால் வைக்கிற மாதிரி.

அவன் நின்றான். அதுவும் நின்றது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை என்று ரத்தினசாமியிடம் சத்தியம் செய்திருக்கிறான். திரும்பினால் முகத்துக்கு முகம் என்ன சொல்வது என்று தெரியவில்லையாம்.

மண்டபத்தில் வெளிச்சம் இருந்தது, உயிர் வந்தது. நீள நீளமான பெஞ்சுகள். எதிர் பெஞ்சில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சுவக்கீன் என்று பெயர், நம் சித்திரபுரத்துக்காரர். பம்பாயில் தேயிலைக் கிடங்கில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறார். சென்னிமலை தண்ணீர்க்காரனிடம் ஒரு வார்த்தை தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டார். அப்புறம் விடுவாரா?

"அண்ணாச்சி நம்ம பக்கமா? எந்த ஊரு?"

"நல்லேப்பிள்ளிங்க."

"தனியாவா வந்திய?"

சென்னிமலை ஒரு நொடி யோசித்தான். ஒரே ஒரு நொடி.

"தனியாத்தானுங்க."

"சாமான் ஒண்ணையும் காணோம்?"

"பெட்டி ஒண்ணு இருக்குதுங்க. சரக்குல கெடக்குது."

"என்ன பெட்டி?"

"டீசல் இஞ்சினுங்க," என்றான் சென்னிமலை. வாயில் அதுதான் வந்தது. "எங்க மாப்ள துபாய்ல மேனேசரு. கெணத்துக்குப் போடச் சொல்லி அனுப்பிச்சிருக்கறாருங்க."

"அடி சக்கை! நல்லா ஓடுமா?"

"இத்தன நாளா ஓடுனதுதானுங்க... இப்ப நின்னு போச்சு."

"கொடுத்துவச்ச ஆளுவே நீரு," என்றார் சுவக்கீன். "எனக்கும் ஒரு மச்சினன் இருக்கான். ஒரு ஸ்பானர்கூட அனுப்பமாட்டான்." ஒரு கைப்பிடி கடலையை நீட்டினார். சென்னிமலை வாங்கிக்கொண்டான். ஆனால் வாய்க்குள் போட முடியவில்லை.

யாக்கோபு இந்த இடத்தில் சிரித்தான். சிரிக்கட்டும்.

நேரம் போகப் போகக் குளிர் ஏறியது. விமானம் நிற்கிற திசையில் கதவு திறந்தே கிடந்தது. சென்னிமலை மேல்துண்டுகூட எடுத்து வரவில்லை. பல் அடித்துக்கொண்டது. சுவக்கீன் பார்த்தார்.

"போத்திக்க ஒண்ணுமில்லையா? அந்தப் பையில துணி தெரியுதே."

பையின் வாயில் கோடியின் ஓரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இல்லை, அது வேறு ஒருவருக்கு என்று சொல்லலாம். சொன்னால் யாருக்கு என்பார். யாருக்கு என்று சொன்னால் பெட்டியைச் சொல்ல வேண்டும், பெட்டியைச் சொன்னால் இஞ்சினைச் சொல்ல வேண்டும். சென்னிமலை கோடியை வெளியே இழுத்தான். மடிப்பை உதறினான். கஞ்சி வாடை... மஞ்சள் வாடை... பெஞ்சில் படுத்து, தலையோடு கால் போர்த்திக்கொண்டான்.

"புது வேட்டியாட்டம் இருக்கே," என்றார் சுவக்கீன்.

"ஆமாங்க," என்று கோடிக்குள்ளிருந்து பதில் வந்தது.

புஷ்பமேரி இந்த இடத்தில், "ஐயோ, பொணத்துக்குன்னு உள்ளதையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமாம் பெண்ணே. பிணத்துக்கு உரியதைத்தான்.

எவ்வளவு நேரம் தூங்கினானோ தெரியாது. கால் பக்கம் சில்லென்றது. கோடி நகர்கிறது. யாரோ கால்மாட்டில் உட்கார்ந்து மெதுவாக இழுக்கிறார்கள். ஒரு விரல்கடை... நிற்கும். இன்னொரு விரல்கடை... நிற்கும். மூக்கில் மருந்து நெடி ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் அடிக்குமே அந்த நெடி. அதற்கு அடியில் ஈரச் சிமெண்டு வாடை.

கோடி மெல்லிய நூல். உள்ளேயிருந்து பார்த்தால் விளக்கு மங்கலாகத் தெரியும். விளக்குக்கும் அவனுக்கும் நடுவே ஓர் உருவம் குனிந்தது. காதோரம்... குரல்.

"மச்சான்."

சென்னிமலை மூச்சை அடக்கினான்.

"மச்சான்... சித்தெ அந்தத் துணியக் குடுங்க. எனக்குக் கொண்டாந்ததுதானுங்களே. ரொம்பக் குளுருதுங்க."

குரலில் கோபம் இல்லை. அதட்டல் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் மோர் கேட்கிற மாதிரி கேட்டான். கொடுத்துவிடலாம். கையை விட்டால் போதும், துணி தானாகப் போய்விடும். ஆனால் எதிர் பெஞ்சில் கடலைத் தோல் உடைகிற சத்தம் கேட்கிறது. சுவக்கீன் முழித்திருக்கிறார். அவர் பார்ப்பார். இது யார் என்பார்...

சென்னிமலை கோடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் பிடித்திருந்தது. அப்புறம் விட்டது.

"சரீங்க மச்சான். இங்கெ ஆளு இருக்கறாங்க. நா ஊட்டுக்கு வந்து வாங்கிக்கறனுங்க."

தப்... தப்... தப்... சத்தம் கதவுப் பக்கம் போய் அடங்கியது.

விடிந்தது. சுவக்கீன் முகம் கழுவிவிட்டு வந்து, வேட்டி மடித்துக்கொண்டிருந்த சென்னிமலையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, துபாய்ல இருக்காருன்னு சொன்னிய? உங்க மாப்பிள்ளை ராத்திரி இங்கதான் இருந்தாரு. கால்மாட்டுல உக்காந்து உங்களையே பாத்துக்கிட்டிருந்தாரு. நீங்க யாருன்னேன், மாப்பிள்ளைன்னாரு. டீ வாங்கட்டுமான்னு கேட்டேன், இனிமே எதுக்குன்னுட்டாரு."

சென்னிமலை மடிப்பதை நிறுத்தவில்லை. கை மட்டும் ஒரே இடத்தை மடித்துக்கொண்டிருந்தது.

"மேனேசர்னீய. கையெல்லாம் சிமெண்டுல்லா அப்பியிருக்கு? எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், மச்சானுக்கு வெக்கமாப் போயிரும்னாரு."

இதைச் சொல்லிவிட்டுச் சுவக்கீன் அவன் முகத்தைப் பார்த்தாராம். அப்புறம் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பேயைக் கண்டு பயந்தவன் உண்டு. அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கு நடுவே, தள்ளிப் போய் உட்கார்ந்த ஒரு மனுஷனைக் கண்டு கூனிக் குறுகினவன் சென்னிமலை ஒருத்தன்தான்.

மத்தியானம் பெட்டி நல்லேப்பிள்ளி போய்ச் சேர்ந்தது. வாசலில் பந்தல். சொந்தம் பந்தம் எல்லாம் கூடியிருந்தது. பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"பொண்ணு குடுத்த ஊட்டுக் கோடி வரட்டும்."

சென்னிமலை பையிலிருந்து எடுத்தான். பிரித்தான். கசங்கல் தெரிந்தது. தலைப்பக்கம் எண்ணெய்க் கறை வட்டமாகத் தெரிந்தது. கூட்டம் பார்த்தது. அவசரமாகப் பெட்டியின் மேல் விரித்தான். மருதாத்தாள் எழுந்து வந்து ஒரு முனையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அண்ணன் தலையில் தேய்க்கிற எண்ணெய் அவளுக்குத் தெரியாதா?

"ஏனுங்கண்ணா... இது ஆரு போத்துனதுங்க?"

"மாப்ளைக்குக் குளுரும்னு... வழியிலயே போத்துனேம்மா."

"பெட்டி ஆணி அடிச்சிருக்குதுங்களே அண்ணா."

சென்னிமலை தரையைப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவனுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

"தனியா உட்டுட்டீங்களா?"

அப்போதுதான் கோடி நகர்ந்தது. காற்று இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நகம் நுழையாத சந்து. அந்தச் சந்துக்குள்... ஒரு விரல்கடை... இன்னொரு விரல்கடை... உள்ளேயிருந்து மெதுவாக, அவசரமில்லாமல் இழுபட்டது. எண்ணெய்க் கறை போயிற்று. மஞ்சள் முனை போயிற்று. பந்தலில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேட்டி முழுவதும் உள்ளே போய்விட்டது. ஆணி அப்படியே இருந்தது.

மருதாத்தாள் பலகை மேல் கை வைத்தாள்.

"இப்பக் குளுரலீங்களா?" என்று கேட்டாள். அண்ணனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நிறுத்தினேன். அடுப்பில் கட்டை சரிந்தது. யாக்கோபு அதைத் தள்ள மறந்துவிட்டான். புஷ்பமேரிதான் கேட்டாள்.

"அப்புறம் பெட்டியத் தெறந்து பாத்தாங்களா பெரியவரே?"

"பெட்டி ஏதும்மா?" என்றேன்.

பம்பாய்க்கு வந்து எடுத்துப் போகச் சொல்லித் தந்தி வந்த அன்றைக்கே சென்னிமலை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டான். கேட்டு ஆள் வராத அந்தப் பெட்டியைப் பம்பாயிலேயே யாரோ அடக்கம் செய்துவிட்டார்கள். இத்தனை நேரம் நான் சொன்னது, போகாத அந்தப் பயணத்தைப் போய்வந்ததாகச் சென்னிமலை ரத்தினசாமியிடம் சொன்னது.